தேறியதில் வந்த சிக்கல்

நோயாளி தேறிவிட்டார் என்பதைப் பார்த்து ஒரு மருத்துவரின் முகம் வாடியதை நான் கண்டிருக்கிறேன். நோயாளி என் சித்தப்பா. இரண்டு நாள் முன்புவரை கண்ணைத் திறக்கவே சலித்துக்கொண்டவர், அன்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாய் என்று சித்தியை அதட்டிக்கொண்டிருந்தார். அந்த அதட்டலைக் கேட்டு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், சித்தி அழுதாள். வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றிக் கொண்டுவந்திருந்ததால், இங்கே தொற்றுநோய்ப் பிரிவின் மருத்துவர் அவரை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார். கொண்டுவந்த தாள்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. “டெக்ஸாமெத்தசோன் எப்போது ஆரம்பித்தார்கள்?” என்று கேட்டார். அது வீக்கத்தைக் குறைக்கும் ஒரு ஸ்டீராய்டு மருந்து, எப்போது ஆரம்பித்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தாளிலும் தேதியோ நேரமோ இல்லை. “இவர் தேறியது எந்த மருந்தால் என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். அதில் என்ன கவலை, தேறினால் போதாதா என்றுதான் அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது.

அந்த ஒரு வரி மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. சித்தப்பா இன்று வீட்டில் இருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூளையில் வரும் நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றி, அதாவது மூளை லிம்ஃபோமாவைப் பற்றி, அதன்பின் நிறையப் படித்தேன், நிறையக் கேட்டேன். எங்கே சுற்றினாலும் அந்த டெக்ஸாமெத்தசோன் வரியில்தான் வந்து நிற்கிறேன்.

இடது பக்கம் காணாமல் போனபோது

சித்தப்பா செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பவர். கேட்க ஆள் இருக்கிறதா என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒரு கட்டத்தில் அவர் படிக்கும் தலைப்புகள் பாதியிலிருந்து தொடங்கின. “…கோரி ஊழியர்கள் போராட்டம்” என்று படிப்பார், யார் எதைக் கோரினார்கள் என்பது இருக்காது. பிறகு, இந்தக் காலத்தில் செய்தி எழுதத் தெரிந்தவனே இல்லை என்று பத்திரிகைக்காரர்களைத் திட்டுவார். முகச்சவரம் செய்துகொண்டு வந்தால் வலது கன்னம் பளிச்சென்று இருக்கும், இடது கன்னத்தில் முந்தின நாள் முடி அப்படியே இருக்கும். சட்டையின் இடது கை தோளில் தொங்கும். சொன்னால் கோபம் வரும். கண் மருத்துவரிடம் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு வந்தார், புதுக் கண்ணாடியோடும் தலைப்புகள் பாதியிலிருந்தே தொடங்கின.

மூளையின் வலது பின்புறம், மேல் பகுதி பழுதானால் இப்படி ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதில் கொடுமை என்னவென்றால், எதுவும் குறைவதாக நோயாளிக்குத் தோன்றவே தோன்றாது. இருட்டாகத் தெரிந்தால் இருட்டு என்று சொல்லலாம். உலகத்தில் இடது என்று ஒன்று இருப்பதே மறந்துபோனவர் எதைப் போய்ச் சொல்வார்? ஆகவே வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தோம். சித்திக்கு அது பிடிவாதம். அவர் மகனுக்கு அது குடிப் பழக்கம். எனக்கு அது வயதின் மறதி. காய்ச்சல் இல்லை, தாங்க முடியாத தலைவலி இல்லை. மூளையில் வளரும் கட்டி வலியோடுதான் வர வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. குணத்தில் ஒரு மாற்றம், பேச்சில் ஒரு தடுமாற்றம், கணக்கில் ஒரு பிசகு, இப்படித்தான் பலருக்கும் தொடங்குகிறது.

ஒரு மாலையில் இடது கை தானாக வெட்டி இழுத்தது, அது உடல் முழுவதும் பரவி வலிப்பாக மாறியது. மருத்துவமனையில் வைத்துத்தான் சித்தி வாயைத் திறந்தாள். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வெகு காலமாகவே இருவருக்கும் தெரியும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு வந்தவர், நன்றாகத்தானே இருக்கிறேன் என்று ஒரு நாள் நிறுத்திவிட்டார். அதன் பிறகு கிளினிக் பக்கமே போகவில்லை. செய்தி பரவியதும் வந்த உறவினர்கள் அத்தனை பேரும் கேட்ட கேள்வி, எப்படி வந்தது என்பதுதான். மருத்துவத்துக்கு அந்தக் கேள்வியால் அன்று ஒரு காசுக்குப் பயன் இல்லை. மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்ற கேள்வியில்தான் பயன் இருந்தது, அதை உறவினர் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் என்ற விதி

ஸ்கேனில் வலது பக்கம் ஒரு பெரிய புண். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அதன் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்தது, நடு இருண்டு கிடந்தது. சுற்றிலும் வீக்கம். அந்த வீக்கம் மூளையின் நடுக்கோட்டையே இடதுபுறம் தள்ளியிருந்தது. எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்கு இப்படி ஒரு வளையம் தெரிந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியை. காரணத்தோடுதான் நினைக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் நோய் அது, பரவலாகக் காணப்படுவதும் அது. மண்டை ஓட்டில் துளையிட்டுத் திசு எடுப்பதற்கு முன்னால் டாக்ஸோவுக்கான மாத்திரையைக் கொடுத்துப் பார், பத்துப் பதினான்கு நாளில் ஆளும் தேறி ஸ்கேனும் தேறினால் அது டாக்ஸோதான், தேறாவிட்டால் பயாப்ஸிக்குப் போ என்பது எய்ட்ஸ் சிகிச்சையில் நெடுநாளாக உள்ள வழக்கம். அந்த ஒட்டுண்ணியால் அவதிப்படுபவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலக்கெடுவுக்குள் தேறத் தொடங்கிவிடுவார்கள் என்பது உண்மை.

மூளை லிம்ஃபோமா என்பது அந்த வளையத்துக்குள் ஒளிந்துகொள்ளக்கூடிய இன்னொரு நோய். எச்.ஐ.வி. இல்லாதவருக்கு இந்தப் புற்றுநோய் வந்தால் கட்டி பெரும்பாலும் முழுவதுமாக, சீராக ஒளிரும். எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கட்டியின் நடுப்பகுதி செத்துப்போவதால் ஓரம் மட்டும் ஒளிர்ந்து, டாக்ஸோவின் சாடையிலேயே நிற்கும். வேறுபடுத்தச் சில குறிகள் உண்டு. டாக்ஸோ பெரும்பாலும் பல புண்களாக வரும், மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புத் திரள்களில் உட்காரும். லிம்ஃபோமா பல நேரங்களில் ஒற்றையாக, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, மூளையின் நீர் அறைகளை ஒட்டியோ இரு அரைக்கோளங்களை இணைக்கும் பாலத்தின் மேலோ வரும். சித்தப்பாவுடையது ஒற்றை, பெரிது, நீர் அறையை உரசிக்கொண்டிருந்தது. ஆனால் இவை எல்லாம் சாய்வுகள்தான், சாட்சியம் ஆகாது. காசநோய்க் கட்டிகூட இப்படித் தெரியலாம்.

இரண்டு வார விதி பிறந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. 1981-இல் முதல் நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளிவந்த பிறகு, எய்ட்ஸை அடையாளம் காட்டும் நோய்களின் பட்டியலில் மூளை லிம்ஃபோமா 1980-களிலேயே இடம்பெற்றுவிட்டது. அன்று அதற்குக் கொடுக்க இருந்தது மூளை முழுவதற்குமான கதிர்வீச்சு ஒன்றுதான், அதைக் கொடுத்தாலும் நோயாளிகள் சில மாதங்களே உயிரோடு இருந்தார்கள். எச்.ஐ.வி.யை அடக்க மருந்து இல்லாதபோது மூளையில் உள்ள கட்டியை மட்டும் கரைத்து என்ன பயன்? அப்படிப்பட்ட நிலையில், லிம்ஃபோமா என்று இரண்டு வாரம் முன்னதாகக் கண்டுபிடிப்பதால் யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை. குணப்படுத்த முடிந்த நோயைத் தேடு, முடியாத நோய் தானாகத் தெரியவரட்டும் என்பது அந்தக் காலத்தின் கணக்கு. 1996-வாக்கில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. மூளை லிம்ஃபோமா வெகுவாகக் குறைந்தது. வந்தவர்களிலும், எச்.ஐ.வி.க்கான மருந்தோடு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தும் அதிக அளவில் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் தென்பட ஆரம்பித்தார்கள். கணக்கின் ஒரு பக்கம் மாறிவிட்டது. விதி மட்டும் பழைய பக்கத்திலேயே நிற்கிறது. என் மனக்குறையின் வேர் இதில்தான் இருக்கிறது.

டெக்ஸாமெத்தசோன்

வலிப்பு வந்த இரவுக்குத் திரும்புகிறேன். முதல் மருத்துவமனையில் பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். நள்ளிரவுக்குப் பிறகு சித்தப்பாவின் உறக்கம் ஆழமாகிக்கொண்டே போனது, கூப்பிட்டால் முனகல் மட்டும் வந்தது. ஒரு பக்கக் கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்று செவிலியர் சொன்னார். வீக்கம் மூளையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது, அது மண்டையின் அடித்துளைக்குள் இறங்கிவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லிவிட்டு ஓர் ஊசியைப் போட்டார், அதுதான் டெக்ஸாமெத்தசோன் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்ஸோ மாத்திரைகளும் வலிப்பு மருந்தும் அதோடு தொடங்கின. விடிந்தபோது பெயர் சொல்லி அழைத்தால் திரும்பினார். அடுத்த நாள் பேசினார். வேறு மருத்துவமனைக்கு மாற்றிய நாளில் கண்ணாடிக்காக அதட்டினார். மாற்றல் கடிதத்தில் நோயின் பெயர் டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. மருந்துப் பட்டியலின் ஐந்தாவது வரியில் டெக்ஸாமெத்தசோன், வெறும் பெயர்.

இந்த ஸ்டீராய்டு மூளை வீக்கத்தை வற்றச் செய்யும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். லிம்ஃபோமா அணுக்களையே நேராகக் கொல்லும் என்பதுதான் எனக்குத் தெரியாதது. மற்ற மூளைக் கட்டிகள் பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு இப்படிக் கரைவதில்லை. லிம்ஃபோமா சிலருக்குச் சில நாட்களிலேயே ஸ்கேனில் பாதியாகிவிடும், சிலருக்கு இருந்த இடம் தெரியாமல் மறைந்தே போகும். குணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, ஏறக்குறைய எப்போதும் திரும்பும். ஆனால் மறைந்திருக்கும் அந்த இடைவெளியில் ஊசியை விட்டுத் திசு எடுத்தால், செத்த அணுக்களும் அவற்றைத் தின்ன வந்த அணுக்களும்தான் கண்ணாடித் தகட்டில் தெரியும். தடயத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத் துப்புத் துலக்கச் சொல்வது போன்ற வேலை அது.

மருத்துவர் அன்று முகம் வாடியதன் முழுப் பொருள், அவர் எங்களைத் தம் அறைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசியபோதுதான் விளங்கியது. “டாக்ஸோ மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாக ஓடுகின்றன. இவருக்கு டாக்ஸோ இருந்தால், மாத்திரையால் தேறியிருக்கலாம். லிம்ஃபோமா இருந்தால், ஸ்டீராய்டால் தேறியிருக்கலாம். எந்த நோயாக இருந்தாலும் வீக்கம் வற்றியதால் மட்டுமே தேறியிருக்கலாம். இரண்டு வாரம் பார்ப்பது என்பது ஒரு பரிசோதனை. அந்தப் பரிசோதனை இப்போது செல்லாது” என்றார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் ஸ்டீராய்டை நிறுத்திவிடுவீர்களா?” என்று கேட்டாள். மெதுவாகக் குறைக்க வேண்டும் என்றார் மருத்துவர். “குறைத்தால் பழையபடி ஆகிவிடுவாரா?” மருத்துவர் கொஞ்சம் தயங்கினார். “ஆகலாம். அப்படி ஆனால்தான் நமக்குத் தெரியும்.”

அந்த அறையில் எனக்கு ஒன்று உறைத்தது. அதுவரை நாங்கள் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருந்தோம். நடந்துகொண்டிருந்தது ஒரு சோதனை. டாக்ஸோ மாத்திரை கொடுப்பதில் தவறு இல்லை, அது சிகிச்சையும்தான். ஆனால் அது கூடவே ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை வர வேண்டும், விடை வராவிட்டால் அடுத்து என்ன என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஸ்டீராய்டு எப்போது தொடங்கியது என்று குறித்தாவது வைத்திருப்போம். நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் மாத்திரை நேரங்களை எவ்வளவு கவனமாகக் குறிக்கிறோம்! எதைக் குறிக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

கட்டி வளரட்டும் என்று

டாக்ஸோவுக்கான ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பழைய தொற்றின் எதிர்ப்பொருள் இல்லை. மூளை டாக்ஸோ என்பது பெரும்பாலும் உடலில் வெகு காலமாக உறங்கிக்கிடக்கும் ஒட்டுண்ணி விழித்துக்கொள்வதால் வருவது. எதிர்ப்பொருளே இல்லையென்றால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, முழுதாகப் போவதில்லை. எச்.ஐ.வி. அழிக்கும் எதிர்ப்பு அணுக்களான சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 50-க்கும் கீழே இருந்தது. ஆரோக்கியமானவருக்கு 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ், 100-க்குக் கீழே டாக்ஸோ ஆபத்து, 50-க்குக் கீழேதான் மூளை லிம்ஃபோமாவின் இடம். முதுகுத்தண்டு நீரை எடுத்து அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடினால் ஒரு துப்புக் கிடைக்கும். ஆனால் மண்டைக்குள் அழுத்தம் இருக்கும்போது கீழே ஊசி குத்தி நீரை எடுத்தால், தவிர்க்க நினைத்த அதே ஆபத்து வந்து சேரும். அதனால் அந்த வழி அப்போதைக்கு மூடியிருந்தது. திறந்திருந்தாலும் அதை மட்டும் நம்ப முடியாது. புற்றுநோய் இல்லாத எச்.ஐ.வி. நோயாளிகளின் முதுகுத்தண்டு நீரிலும் அந்த வைரஸ் சில நேரம் தென்படுவதுண்டு.

எப்ஸ்டீன்-பார் வைரஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1964-இல் ஆந்தனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் ஆச்சாங் என்ற மூவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது இது. வளர்ந்த மனிதர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறோம், அநேகமாக இதைப் படிக்கும் உங்களையும் சேர்த்து. ஒரு முறை புகுந்தால் பி அணுக்கள் என்ற வெள்ளை ரத்த அணுக்களுக்குள் வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். அந்த அணுக்கள் தறிகெட்டுப் பெருகாமல் டி அணுக்கள் காவல் காக்கின்றன. எச்.ஐ.வி. அழிப்பது காவலை வழிநடத்தும் சி.டி.4 அணுக்களை. காவல் தளர்ந்ததும் வைரஸ் ஏந்திய பி அணுக்கள் பெருகுகின்றன. மூளைக்குள் எதிர்ப்பு அணுக்களின் நடமாட்டம் எப்போதுமே குறைவு என்பதால் அங்கே அவற்றுக்கு வசதி அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் மூளை லிம்ஃபோமாவில் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் இந்த வைரஸ் காணப்படுகிறது, எதிர்ப்பாற்றல் குறையாத மற்றவர்களுக்கு வரும் அதே புற்றுநோயில் அபூர்வமாகவே காணப்படுகிறது. ஒரே பெயர் கொண்ட நோய்தான், பிறவி வேறு.

பயாப்ஸி செய்தார்கள். சட்டம் ஒன்றைத் தலையில் பொருத்தி, ஸ்கேனில் இடத்தைக் கணக்கிட்டு, சிறு துளை வழியாக ஊசியை இறக்கி எடுக்கும் முறை. முடிவு வந்தது: அழற்சி அணுக்கள், செத்த திசு, உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டீராய்டு கொடுத்த எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பலருக்கு அதன் பிறகும் நோய் தெரிந்துவிடுகிறது என்று மருத்துவர் சொன்னார். எங்களுக்கு ஆகிவிட்டது.

பிறகு நாங்கள் செய்தது, காத்திருந்தது. எச்.ஐ.வி. மருந்தை மீண்டும் தொடங்கினார்கள், ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தினார்கள், இடையிடையே ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை. கட்டி மீண்டும் தெரியக் கூடாது என்று வேண்டினால், இருப்பது தெரியாமல் உள்ளே வளரும். தெரிய வேண்டும் என்று வேண்டினால், பெற்ற பிள்ளையைப் போல என்னைத் தூக்கி வளர்த்தவரின் மூளையில் புற்றுநோய் வளர வேண்டும் என்று வேண்டுகிறேன். சித்தி இந்தக் குழப்பத்தில் எல்லாம் விழவில்லை. தினமும் காலையில் பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, தலைப்பை எங்கிருந்து தொடங்குகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் “அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்க வேண்டாம், வந்துவிட்டது” என்று மருத்துவருக்குப் போன் செய்தாள். வந்துவிட்டிருந்தது. இரண்டாவது பயாப்ஸியில் பெரிய பி அணுக்கள் திரள் திரளாக இருந்தன, அவற்றுக்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸின் அடையாளமும் இருந்தது. சித்தப்பா மட்டும், தாம் எல்லாவற்றையும் சரியாகத்தான் படித்தேன் என்று கடைசிவரை சாதித்தார்.

ஒரே நொதி

சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர. மருந்துச் சீட்டுகளை அடுக்கி வைத்திருந்த சித்தி, ஒரு நாள் இரண்டு சீட்டுகளை எடுத்துவந்து காட்டினாள். டாக்ஸோவுக்கு முன்பு கொடுத்த பைரிமெத்தமைன் சீட்டிலும் லூகோவோரின் இருந்தது, புற்றுநோய்க்கு இப்போது கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் சீட்டிலும் லூகோவோரின் இருந்தது. “பழைய மருந்தையே ஏன் எழுதுகிறார்கள்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஃபோலிக் அமிலத்தைப் பயன்படுத்த அணுக்களுக்கு ஒரு நொதி தேவை. ஒட்டுண்ணியின் அந்த நொதியை அடைப்பது பைரிமெத்தமைன், மனித அணுவின் நொதியை அடைப்பது மெத்தோட்ரெக்சேட். நல்ல அணுக்களைக் காப்பாற்ற இரண்டிலுமே லூகோவோரின் வேண்டும். தவறான நோய்க்குக் கொடுத்த மருந்தும் சரியான நோய்க்குக் கொடுத்த மருந்தும் ஒரே பூட்டைத்தான் தேடிப் போயிருக்கின்றன. இது வெறும் வேடிக்கை இல்லை. சி.டி.4 குறைந்தவர்களுக்குத் தொற்றுத் தடுப்பாகத் தினமும் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் இதே வழியில் வேலை செய்வது. மெத்தோட்ரெக்சேட் ஏற்றும் நாட்களில் அதையும் சேர்த்துக் கொடுத்தால் நச்சு கூடிவிடும். எச்.ஐ.வி. பிரிவு எழுதிய மாத்திரையைப் புற்றுநோய்ப் பிரிவு நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நுரையீரல் தொற்றுக்கு வேறு தடுப்பு ஏற்பாடு வேண்டும், இரு பிரிவும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பேசினார்கள். எல்லா இடத்திலும் பேசுவார்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இந்த ஃபோலிக் அமிலத் தடுப்பு மருந்துகளை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் இந்தியாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பதை வார்டில் இருந்த நாட்களில்தான் படித்தேன். அவரது குழு கொடுத்த அமினோப்டெரினை வைத்துத்தான் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948-இல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகவேனும் அடங்கியதை வெளியிட்டார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கும். மூளையின் ரத்தத் தடுப்பைத் தாண்ட வேண்டும் என்பதால் அளவு மிக அதிகம். சிறுநீர் அமிலமாக இருந்தால் சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடும் என்பதால் சோடியம் பைகார்பனேட்டும் கூடவே ஏறும். ஒவ்வொரு முறையும் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, பி.எச். 7-க்குக் கீழே போகவில்லை என்று பார்க்க வேண்டும். சித்தி ஜன்னல் வெளிச்சத்தில் பட்டையைப் பிடித்துக்கொண்டு, பச்சையா அதற்கும் மேலா என்று செவிலியரோடு வாதிடுவாள்.

அந்த இளம் மருத்துவரிடம்

சிகிச்சை முடிந்து சித்தப்பா வீடு திரும்பிய பிறகு, முதல் மருத்துவமனையின் அந்த இளம் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணம் இல்லை. அதே ஸ்கேன், அதே இரவு திரும்ப வந்தால் அதே ஊசியைப் போடுவீர்களா என்று கேட்டேன். போடுவேன் என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். “கண்மணி விரிந்துகொண்டிருந்தது. லிம்ஃபோமா என்று எனக்கு எழுதிக் கொடுத்திருந்தாலும் போட்டிருப்பேன்.” அதை நான் மறுக்கவில்லை. உயிர் போகும் வீக்கத்தில் ஸ்டீராய்டைத் தள்ளிப்போடச் சொல்லும் மருத்துவ நூல் எதையும் நான் படித்ததில்லை. அவசரம் இல்லாதபோதுதான் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்கிறார்கள்.

என் வழக்கு அந்த ஊசியோடு இல்லை, ஊசிக்குப் பின் வந்த அமைதியோடுதான். ஸ்டீராய்டு கொடுத்த நேரத்தையும் அளவையும் முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாம். டாக்ஸோவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம். அறுவை மருத்துவரை விடிந்ததும் அழைத்திருக்கலாம். ஒற்றைக் கட்டி, நீர் அறையை ஒட்டிய இடம், மாத்திரையை நிறுத்தி நாளானவர், இவை மூன்றும் அந்த இரவிலேயே கையில் இருந்தன. இதைச் சொன்னபோது அவர் அறுவை மருத்துவரைப் பற்றிய பகுதியை மட்டும் ஏற்கவில்லை. “எச்.ஐ.வி., மூளையில் வளையம் என்று போனில் சொன்னால், டாக்ஸோ மருந்து கொடுத்து இரண்டு வாரம் பாருங்கள், பிறகு கூப்பிடுங்கள் என்றுதான் பதில் வரும். எத்தனை முறை கேட்டிருக்கிறேன் தெரியுமா?” என்றார். அவரைவிட அந்த விதிக்கு வயது அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு பிறகு வேறு பக்கம் போனது. 2015-இல் உலக சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. உறுதியான எல்லாருக்கும் சி.டி.4 எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. மிக நல்ல முடிவு, எத்தனையோ உயிர்களைக் காத்த முடிவு. அதன் பக்க விளைவாக, மருந்து தொடங்க இனி எண்ணிக்கை தேவையில்லை என்பதால் சி.டி.4 பரிசோதனையே பல இடங்களில் குறைந்துபோனது. எண்ணிப் பார்க்காவிட்டால், 400 உள்ளவரும் 40 உள்ளவரும் வரிசையில் ஒரே மாதிரிதான் நிற்பார்கள். அந்த நிறுவனமே 2017-இல் முற்றிய எச்.ஐ.வி. நோய்க்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டு, 200-க்குக் கீழே உள்ளவர்களைக் கண்டுபிடித்துத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று சொன்னது. மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்பி வருபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புதிதாக வருபவருக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. திரும்பி வருபவருக்குப் பெரும்பாலும் ஓர் அறிவுரையும் பழைய சீட்டும்தான் கிடைக்கின்றன. அறிவுரைக்குப் பயந்துதான் பாதிப் பேர் வராமலே இருக்கிறார்கள், சித்தப்பா உட்பட.

இளம் மருத்துவர் எழுந்துபோய் அவர்களுடைய மாற்றல் கடிதத்தின் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். மருந்துப் பட்டியலுக்கு இருந்த இடம் நான்கு வரி. டெக்ஸாமெத்தசோனை ஐந்தாவதாக ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தது ஏன் என்று அப்போது தெரிந்தது. தொடங்கிய நேரம் எழுத அதில் கட்டமே இல்லை. படிவத்தை மாற்ற யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டேன். அலுவலகத்தில் ஒருவரைச் சொன்னார், கூடவே தாமும் வருவதாகச் சொன்னார். விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.